தட்டு கைமாறிப் போகுது, ஒருத்தரும் ஒரு துண்டு எடுக்கல: இந்த 1,44,000 பேர் கணக்கு யாருக்காச்சும் புரியுதா?

மடத்துப்பையன்:

எல்லாருக்கும் வணக்கம். இத எங்க கேக்குறதுன்னு தெரியல, ஊர்ல கேட்டா சண்டையாயிரும், வீட்ல கேட்டா அதவிடப் பெரிய சண்டை, அதான் இங்க வந்தேன். நாங்க தங்கச்சிமடம், பரம்பரையா ஆர்சி. ஞாயித்துக்கிழமை பூசை, கச்சத்தீவு அந்தோணியார் திருவிழான்னு வளந்தவன் நான். எங்க அப்பாகூடப் பொறந்த அத்தை ஒருத்தவுக பாம்பன்ல இருக்காக, மாமா கடல்ல தவறி ரெண்டு மூணு வருசத்துல யெகோவாவின் சாட்சிகள்ல சேந்துட்டாக, அதுல இருந்து எங்கப்பா பேச்சுவார்த்தை கம்மி. எனக்கு அத்தைய ரொம்பப் புடிக்கும், அதனால இந்த ஏப்ரல் 12 சனிக்கிழமை "ஒரு தடவ வந்து பாரு"ன்னு கூப்பிட்டப்ப ஐஸ் கம்பெனியில லீவு சொல்லிட்டுப் போனேன்.

அன்னைக்கு அவுகளுக்கு இயேசு செத்ததோட நினைவுநாள். கிறிஸ்மஸ் கிடையாது ஈஸ்டர் கிடையாது, வருசத்துக்கு இந்த ஒரு நாள்தான், யூதக் காலண்டர்ல நிசான் 14, பொழுது அடைஞ்ச பொறகுதான் ஆரம்பிக்கணுமாம். ராம்நாட்டுல ஒரு ஹால், நல்ல கூட்டம், எல்லாரும் கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி டிரஸ். பேச்சு முடிஞ்சு ஜெபம் முடிஞ்சு ஒரு தட்டு வந்துச்சு. வெள்ளைப் பீங்கான் தட்டு, அதுல புளிக்காத ரொட்டி, பாத்தா உப்புப் போட மறந்து சுட்ட சப்பாத்தி மாதிரி இருக்கு, நாலஞ்சு துண்டா ஒடச்சு வச்சிருக்காக. மொத வரிசையில ஒருத்தர் வாங்கி பக்கத்தாள்ட்ட குடுக்குறாரு, அவரு அடுத்தாளுக்கு, தட்டு வளைஞ்சு வளைஞ்சு வருது, துண்டு மட்டும் குறையவே இல்ல. அத்தை கைக்கு வந்துச்சு. அவுக முட்டி போற வரைக்கும் கடல்ல பாசி எடுக்கப் போனவுக, விரல்ல துணி சுத்திக்கிட்டுத்தான் போவாக, அப்படியும் நுனியெல்லாம் பாறை கிழிச்ச தழும்பு. அந்தக் கையால தட்ட ரெண்டு பக்கமும் புடிச்சு, நெறஞ்ச குழம்புச் சட்டியக் குடுக்குற மாதிரி என்கிட்ட குடுத்தாக. நான் பழக்கதோசத்துல ஒரு துண்ட எடுக்கப் போயிட்டேன். அத்தை என் மணிக்கட்ட மெதுவாத் தொட்டு "குடுத்துரு மருமவனே"ன்னாக. ஒயினும் அப்படித்தான், வந்த அளவு கொறையாமத் திரும்பிப் போச்சு.

பஸ்ல வர்றப்ப கேட்டேன். "அது பரலோகத்துக்குப் போறவுகளுக்கு, மொத்தம் ஒரு லட்சத்து நாப்பத்து நாலாயிரம் பேருதான், நான் அதுல இல்ல"ன்னாக. யாரு சொன்னா நீங்க இல்லன்னுன்னு கேட்டா "எனக்கே தெரியும்"னு சொல்லிட்டு சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாக.

எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. கோடிக்கணக்கான சனம் பொறந்து செத்த உலகத்துல சாமி ஒரு லட்சத்து சொச்சம் சீட்டுதான் போட்டு வச்சிருக்குன்னா அது என்ன சாமி? கச்சத்தீவுக்கு வேர்க்கோடு பங்குல பேர் குடுத்து லிஸ்ட்ல வரலைன்னா சரி அடுத்த வருசம்னு மனசத் தேத்திக்கலாம், இதுல அடுத்த வருசமே இல்லையே. இந்தப் பொம்பள இத்தன வருசமா வெயில்ல வீடு வீடாப் போயி அடுத்தவுகளுக்குச் சொல்லிக்கிட்டுத் திரியுது, தனக்கு மேல எடம் இல்லன்னு தெரிஞ்சே. ஏமாத்துறாங்களா இல்ல எனக்குத்தான் புரியலையா? பைபிள்ல எங்க இருக்கு இந்தக் கணக்கு? தெரிஞ்சவுக சொல்லுங்க, திட்டுறதுக்கு வராதீங்க.

அக்னிதீர்த்தம்:

அப்ப மேலயும் டோக்கன் சிஸ்டம்தானா? மீன்துறையில டோக்கன் போடாம படகு போகக்கூடாதுங்கிற மாதிரி. புயல் கூண்டு ஏத்துனா அங்கயும் டோக்கன் நிப்பாட்டிருவாங்களா 😀 தப்பா எடுத்துக்காத நண்பா, சும்மா.

பழைய பயனியர்:

தம்பி, நான் பரமக்குடி பக்கம், பொறந்ததே சாட்சிகள் குடும்பத்துல, இருபத்தஞ்சு வயசு வரைக்கும் வீடு வீடா ஊழியம் போயிருக்கேன், இப்ப எதுலயும் இல்ல. அதனால ரெண்டு பக்கமும் நியாயமா சொல்றேன்.

முதல்ல ஒரு தப்பான எண்ணத்த மாத்திக்கங்க. 1,44,000 பேருக்குத்தான் மீட்பு, மத்தவன்லாம் அழிஞ்சான்னு அவங்க சொல்லல. வெளியில இருக்குற பாதிப் பேரு இப்படித்தான் நெனச்சுக்கிட்டு சிரிக்கிறாங்க. அவங்க நம்பிக்கையில ரெண்டு வகை உண்டு. பரலோகம் போறவங்க ராஜாவாவும் ஆசாரியர்களாவும் இயேசுகூட ஆட்சி பண்ணப் போறவங்க, அது சிறுமந்தை. மிச்சப்பேரு திரள் கூட்டம், வேறே ஆடுகள், அவங்களுக்கு இந்தப் பூமியே பரதீசா மாறும், சாவு நோய் இல்லாம இங்கயே இருப்பாங்க. நீதிமான்கள் பூமியச் சுதந்தரிப்பாங்கன்னு சங்கீதம் 37-ல இருக்குல்ல, அதான் அடிப்படை. அதனால உங்க அத்தை "நான் அதுல இல்ல"ன்னு சொன்னது சீட்டுக் கிடைக்காதவ அழுகை கிடையாது. மந்திரிசபையில நான் இல்ல, ஆனா நாட்டுல இருக்கேன்னு சொல்ற மாதிரி.

இதுக்கு ஒரு சரித்திரம் இருக்கு. ஆரம்பத்துல, அதாவது 1879-ல இந்த இயக்கத்த ஆரம்பிச்ச ரசல் காவற்கோபுரம் பத்திரிகை ஆரம்பிச்ச காலத்துல, சேந்த எல்லாருமே பரலோகத்ததான் எதிர்பாத்தாங்க. அந்தத் திரள் கூட்டமும் மேலதான் போகும், ஆனா கொஞ்சம் கீழ்ப்படியில நிக்கும்னுதான் அப்ப விளக்கம். 1935 மே 31-ம் தேதி வாஷிங்டன் மாநாட்டுல, ரசலுக்கு அப்புறம் தலைவரா வந்த ரதர்ஃபோர்டுதான் திரள் கூட்டம்னா பூமியில வாழப்போறவங்கன்னு அறிவிச்சாரு, அப்படி நம்பிக்கை உள்ளவங்க எழுந்து நில்லுங்கன்னதும் பாதிக்கு மேல எழுந்து நின்னாங்களாம். எங்க தாத்தா இத தான் நேர்ல பாத்த மாதிரியே சொல்லுவாரு, அவரு பொறந்ததே அதுக்கப்புறம்தான், அது வேற விசயம். ரொம்ப நாளைக்கு அந்த 1935-ஓட பரலோக அழைப்பு முடிஞ்சதுன்னே நம்புனாங்க. 2007-ல காவற்கோபுரத்துலயே அப்படி ஒரு தேதிய உறுதியாச் சொல்ல முடியாதுன்னு மாத்திட்டாங்க.

அந்த ரொட்டிய எடுக்குறவங்கள உலகம் பூரா வருசா வருசம் எண்ணிப் போடுவாங்க. 1935-ல 52 ஆயிரத்துக்கு மேல. 2005 வாக்குல எட்டாயிரத்து ஐநூறு சொச்சத்துக்கு எறங்கிருச்சு, வயசானவங்க போகப்போக கொறையத்தான செய்யும், எல்லாம் கணக்குக்குச் சரியா வருதுன்னு நாங்களும் சந்தோசப்பட்டோம். அப்புறம் பாத்தா ஏற ஆரம்பிச்சது, 2024-ல 23 ஆயிரத்தத் தாண்டிருச்சு. தப்பா நெனச்சு எடுக்குறவங்களும் இருப்பாங்க, அந்த எண்ணிக்கைய வச்சு பூமியில இன்னும் எத்தன பேரு மிச்சம்னு கணக்குப் போடாதீங்கன்னு அமைப்போட விளக்கம். எனக்கு மொத மொதல்ல மனசுல முள்ளு குத்துனது அங்கதான். கொறையுறப்ப அது அத்தாட்சி, கூடுறப்ப அத எண்ணக்கூடாது.

வேதக்கோயில் வாத்தியார்:

நான் சிஎஸ்ஐ, ரிட்டயர்டு தமிழ் வாத்தியார், மண்டபம். பைபிளோட கடைசிப் புஸ்தகம் வெளிப்படுத்தின விசேஷம், அதுல 7-ம் அதிகாரத்த எடுத்து வச்சுக்கிட்டு வாசிங்க தம்பி, உங்க கேள்விக்கு அங்கயே பாதி பதில் இருக்கு.

நாலாம் வசனத்துல முத்திரை போடப்பட்டவங்க இலட்சத்து நாற்பத்து நாலாயிரம் பேர்ங்கிறார், அத எழுதுன யோவான். யாருலருந்து? இஸ்ரவேல் புத்திரருடைய சகல கோத்திரத்துலருந்தும். கோத்திரத்துக்குப் பன்னீராயிரம், பன்னெண்டு கோத்திரம். நம்ம சாட்சி சகோதரர்கள் என்ன சொல்றாங்க, இது நெசமான யூதர் இல்ல, ஆவிக்குரிய இஸ்ரவேலாம். சரி, இருக்கட்டும். அப்ப கோத்திரம் அடையாளம், பன்னீராயிரம் அடையாளம், ஆனா கூட்டி வர்ற மொத்தம் மட்டும் அச்சு அசல் நெசம்! இலக்கணத்துல இப்படி ஒரு வாக்கியத்தப் பாதி உவமையா பாதி நேரா வாசிக்கப் பையன் வந்தா நான் பெஞ்சு மேல ஏத்திருவேன். இதுல அந்தப் பட்டியலப் பாருங்க, தாண் கோத்திரமே இல்ல, யோசேப்பு பேரும் இருக்கு அவர் மகன் மனாசே பேரும் இருக்கு, எப்பிராயீம் பேரக் காணோம். யோவான் ரேசன் கார்டு சரிபாக்கல, ஒரு படம் வரையுறார். பன்னெண்டு பன்னெண்டா பெருக்குற பழக்கம் அந்தப் புஸ்தகம் பூராவும் உண்டு, 21-ம் அதிகாரத்துல நகரத்துக்குப் பன்னெண்டு வாசல், மதில் நூத்து நாப்பத்து நாலு முழம்.

இதுக்கு மேல நான் ரசிக்கிறது ஒண்ணு. நாலாம் வசனத்துல "கேட்டேன்"னுதான் சொல்றார். ஒம்பதாம் வசனத்துலதான் "பார்த்தபோது". பாத்தது என்ன? ஒருவனும் எண்ணக்கூடாத திரளான கூட்டம். இதே மாதிரி அஞ்சாம் அதிகாரத்துல யூதா கோத்திரத்துச் சிங்கம்னு காதுல விழுது, பாத்தா நிக்கிறது ஆட்டுக்குட்டி. சிங்கமும் ஆட்டுக்குட்டியும் ரெண்டு பேரா? ஒருத்தர்தான. அப்ப காதுல விழுந்த எண்ணும் கண்ணால கண்ட கூட்டமும் ஒண்ணா இருக்கலாமேன்னு பல வேத விளக்கக்காரர்கள் சொல்றாங்க, எனக்கும் அதான் சரின்னு படுது. இன்னொண்ணு, அந்தக் கூட்டம் நிக்கிறது சிங்காசனத்துக்கு முன்னாடி. 19-ம் அதிகாரம் மொத வசனத்துல திரளான ஜனக்கூட்டம் ஆரவாரம் பண்றது பரலோகத்துல. பூமின்னு எங்க வந்துச்சு?

14:4-ல இந்த 1,44,000 பேரும் ஸ்திரீகளால் கறைபடாத கற்புள்ளவர்கள்னு வருது. எண் நெசம்னா இதுவும் நெசமாத்தான இருக்கணும், அப்ப பொம்பளைங்களுக்கும் எடமில்ல கல்யாணம் கட்டுன ஆம்பளைங்களுக்கும் எடமில்ல. பேதுருவுக்கே மாமியா இருந்துச்சு, அவர என்ன பண்றது?

பழைய பயனியர்:

வாத்தியார் ஐயா சொல்றதுக்கு அவங்க பதிலையும் வச்சிடுறேன், இல்லாட்டி ஒருதலைப்பட்சமாயிரும். எண்ண முடியாத கூட்டம்னு ஒம்பதாம் வசனம் சொல்றதே நாலாம் வசனத்து எண் எண்ணக்கூடிய எண்ணுங்கிறதுக்கு அத்தாட்சிம்பாங்க, அடையாள எண்ணா இருந்தா அந்த வித்தியாசத்துக்கே அர்த்தம் இல்லையாம். சிங்காசனத்துக்கு முன்னாடின்னா எடம் இல்ல, நிலைமை, கடவுளோட பார்வையிலன்னு அர்த்தம்பாங்க. மொத வாதம் கொஞ்சம் பலமானதுதான், ஒத்துக்குறேன். ஆனா பெந்தெகொஸ்தே அன்னைக்கு ஒரே நாள்லயே மூவாயிரம் பேர் சேந்ததா அப்போஸ்தலர் நடபடிகள் சொல்லுது, முதல் நூற்றாண்டுல இருந்து எண்ணிக்கிட்டு வந்தா 1935-க்கு எவ்வளவு மிச்சம் இருந்திருக்கும்னு சின்ன வயசுல நோட்டுல கணக்குப் போட்டு அப்பாகிட்ட அடி வாங்கியிருக்கேன்.

கீழக்கரை காக்கா:

அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. வேற மார்க்கத்து விசயம், உள்ள நுழையக் கூடாதுன்னு பாத்தேன், ஆனா எண்ணுன்னதும் எங்க பக்கத்து ஹதீஸ் (நபிமொழி) ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. எழுபதாயிரம் பேரு கேள்வி கணக்கு இல்லாம சொர்க்கத்துல நுழைவாங்கன்னு புகாரிங்கிற ஹதீஸ் தொகுப்புல இருக்கு. சகுனம் பாக்காதவங்க, ஓதிப்பாக்கச் சொல்லி அலையாதவங்க, வைத்தியத்துக்குச் சூடு போட்டுக்காதவங்க, ரப்பு (இறைவன்) மேலயே பாரத்தப் போட்டவங்க. இதச் சொன்னதும் உக்காஷான்னு ஒரு தோழர் எழுந்து நானும் அதுல இருக்க துஆ செய்யுங்கன்னார், நீ அதுல உண்டுன்னாங்க நபியவங்க. ஒடனே இன்னொருத்தர் எழுந்தார், "உக்காஷா முந்திக்கிட்டார்"னு முடிச்சுட்டாங்க. சின்னப் புள்ளையில எனக்கு அந்த ரெண்டாவது ஆள நெனச்சுத்தான் கவலை, நம்ம ஊர்ல பந்தியில எல கிடைக்காம நிக்கிறவன் மாதிரி. எங்க வாப்பாதான் சொன்னாங்க, அடேய் எழுபதாயிரம் பேரு விசாரணை இல்லாமப் போறாங்க, மத்தவங்க விசாரணையோட போவாங்க, கதவ மூடிட்டான்னு யாரு சொன்னான்னு. திர்மிதின்னு இன்னொரு தொகுப்புல அந்த எழுபதாயிரத்துல ஒவ்வொரு ஆயிரத்தோடயும் இன்னும் எழுபதாயிரம்னு வருது. அதனால எண்ணப் பாத்து பயப்படாத. உன் அத்தைகிட்டயே ஒக்காந்து கேளு, நாங்க பத்துப் பேரு இங்க அவங்களப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கோம், அவங்க பாம்பன்ல டீ குடிச்சுக்கிட்டு இருப்பாங்க.

சேதுக்கரையான்:

காக்கா கரெக்ட். எங்க சைடுல இதுக்கு நேர் எதிர்க் கதை, பக்கத்து ஜில்லா திருக்கோஷ்டியூர்லயே இருக்கு. பதினெட்டு தடவ நடையா நடந்து வாங்குன மந்திரத்த ராமானுஜர் கோபுரத்துல ஏறி ஊருக்கே சொல்லிட்டார், நான் ஒருத்தன் நரகத்துக்குப் போனா என்ன இவங்க எல்லாரும் கரையேறட்டும்னு.

ஒரு சந்தேகம் வாத்தியாரே, அந்தப் புஸ்தகத்துல 21:1-ல புது வானம் புது பூமி வர்றப்ப சமுத்திரமும் இல்லாமற்போயிற்றுன்னு போட்டிருக்கு. நம்ம ஆளுங்க பாதிப் பேருக்கு கடல் இல்லாத பரதீசுல என்ன வேலை? நான் வரல.

பழைய பயனியர்:

அந்தக் கடல் அடையாளமாம், கொந்தளிக்கிற கெட்ட ஜனங்களக் குறிக்குதாம், ஏசாயா 57-ல துன்மார்க்கர் கொந்தளிக்கும் கடலப் போலன்னு வருதுல்ல அத வச்சு. ஆனா ஒரு பக்கம் முன்னாடி 20:13-ல செத்தவங்கள ஒப்படைக்கிற கடல் நெசக் கடல். எது நெசம் எது அடையாளம்னு லிஸ்ட்டு எங்க வீட்டு அலமாரியில இன்னும் இருக்கு.

மடத்துப்பையன்:

எல்லாருக்கும் நன்றி. அண்ணன் சொன்னதுல பாதி எனக்குத் தெரியவே தெரியாது, வாத்தியார் சொன்னத நாலு தடவ படிச்சேன். காக்கா சொன்னபடி நேத்து பாம்பன் போனேன். 7:4, 7:9, 14:4, 19:1, சேதுக்கரையண்ணன் சொன்ன 21:1 எல்லாத்தையும் போன்ல குறிச்சுக்கிட்டுத்தான் போனேன், உண்மையச் சொன்னா இன்னைக்கு அத்தைய ஜெயிச்சுப்புடணும்னு ஒரு வெறி.

மீன்பிடித் தடைக்காலம்ல, வீட்ல சும்மா இருக்க மாட்டாம நெத்திலிக் கருவாட்ட மொறத்துல போட்டு ஆஞ்சுக்கிட்டு இருந்தாக. நான் கேட்டேன் பாத்தேன் வித்தியாசத்துல ஆரம்பிச்சு 19:1 வரைக்கும் வந்துட்டேன். குறுக்க பேசவே இல்ல, பொடியத் தனியா தலையத் தனியா ஒதுக்கிக்கிட்டே கேட்டாக. முடிச்சதும் "நல்லாத்தான் படிச்சிருக்க"ன்னாக. அப்புறம் "அது சரி, எனக்கு அங்க என்ன வேல?"ன்னு கேட்டாக.

எனக்குப் புரியல. அப்பத்தான் சொன்னாக. மாமா போனப்ப ஒடம்பு கெடைக்கல, படகு வந்துச்சு ஆளு வரல, காலிப் பெட்டிய வச்சுத்தான் பூசை வச்சோம், அது எனக்குத் தெரியும், நான் சின்னப்பய, பெட்டி ஏன் லேசா இருக்குன்னு கேட்டு அம்மாகிட்ட கிள்ளு வாங்குனேன். அவரு இப்ப எங்க இருக்காருன்னு அத்தை கேட்டதுக்கு ஆளுக்கு ஒண்ணு சொல்லியிருக்காக, பாவம் கழியுற உத்தரிக்கிற ஸ்தலத்துலன்னு ஒருத்தர், மோட்சத்துலன்னு ஒருத்தர். ரெண்டுமே அவுகளுக்கு எட்டல. அப்பத்தான் ரெண்டு பொம்பளைக வீட்டு வாசல்ல வந்து நின்னு ஒரு வசனத்தக் காட்டியிருக்காக. அத்தை கையத் தொடச்சுக்கிட்டு உள்ள போயி பைபிள எடுத்துட்டு வந்தாக. புரட்டித் தேடவே இல்ல, தானாவே அந்தப் பக்கத்துல தொறந்துச்சு, ஓரமெல்லாம் விரல் பட்டு கருத்துப் போயி கிடக்கு. 20:13. கடல் தன்கிட்ட இருக்குற செத்தவகள ஒப்படைக்கும்னு.

"ஒப்படைச்சா அவரு எங்க வந்து ஏறுவாரு? இந்தக் கரையிலதான. நான் மேல போயி சிம்மாசனத்துல ஒக்காந்துக்கிட்டா இங்க அவருக்குக் கதவத் தொறக்க யாரு இருப்பா?"ன்னாக. ரொட்டி எடுக்கலைன்னு நான் பரிதாபப்பட்டுக்கிட்டு இருந்தேன், அவுக வேணாம்னுதான் எடுக்கலை.

21:1-ஐ நான் எடுக்கவே இல்ல. போன மடக்கி பையில போட்டுட்டேன்.

எண்ணு சரியா தப்பான்னா எனக்கு வாத்தியார் சொல்றதுதான் இப்பவும் சரின்னு படுது, அதுல மாத்தமில்ல. வர்றப்ப அரைக்கிலோ நெத்திலி கட்டிக் குடுத்தாக, அப்பாட்ட நான் குடுத்தேன்னு சொல்லாதன்னாக. அப்பா ராத்திரி தொட்டுக்கிட்டு ரெண்டு தட்டு கூடச் சாப்பிட்டாரு, யாரு குடுத்ததுன்னு அவரும் கேக்கல.

கீழக்கரை காக்கா:

அல்ஹம்துலில்லாஹ். அடுத்த வருசமும் கூப்பிட்டா போவியா தம்பி?

மடத்துப்பையன்:

போவேன் காக்கா, அதான் இப்பப் புதுப் பிரச்சனை. அத்தை தேதி சொல்லிட்டாக, 2026 ஏப்ரல் 2. காலண்டர்ல பாத்தா அன்னைக்கு எங்களுக்குப் பெரிய வியாழன், பாதம் கழுவுற பூசை, அதுவும் அதே ராத்திரி. அம்மாகிட்ட என்னன்னு சொல்லிட்டு ராம்நாட்டு பஸ் ஏறுறதுன்னு யாராச்சும் ஐடியா குடுங்க.